செட்டியாருக்கு இரண்டு மாலைகள்

புதுச்சேரி கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு வீதி உள்ளே, பழைய பிரெஞ்சு வீடொன்றின் கீழ்த்தளத்தில், அறுபது பேர் நெருக்கமின்றி அமரக்கூடிய கூடம் ஒன்று இருக்கிறது. அங்கே கட்டணம் வாங்கிக்கொண்டு ஆவணப்படங்களைத் திரையிடுகிறார்கள். திரையிடுவதோடு நிற்காமல், அவற்றை உருவாக்கியவரின் வாழ்நாள் பணியை எடுத்துரைக்கவும் முயல்கிறார்கள். ஒருவருக்கு இரண்டு மாலைகள் என்பது அவர்கள் வைத்திருக்கும் கணக்கு. சென்ற மாதம் அவர்கள் எடுத்துக்கொண்டவர், மகாத்மா காந்தியின் வாழ்க்கையை முழுநீள ஆவணப்படமாக்கிய ஏ.கே. செட்டியார். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், அரியாங்குப்பம் வழியாக இரண்டு நாளும் பேருந்தில் போய்வந்து, இரண்டு மாலைக்கும் சேர்த்து 400 ரூபாய் செலுத்திய பார்வையாளன் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். தங்கள் அமைப்பின் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று நடத்துகிறவர் கேட்டுக்கொண்டார். தம்மை முன்னே நிறுத்திக்கொள்ளக் கூசிய ஒருவரைப் பற்றிய நிகழ்ச்சிக்கு அது பொருத்தமாகவே பட்டதால் நானும் வற்புறுத்தவில்லை.

முதலில் அந்தத் துண்டறிக்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாசலில் ஆளுக்கொன்றாகக் கொடுத்த வழவழப்பான தாளில் "இந்தியாவின் முதல் ஆவணப்பட இயக்குநர்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். இது பிழை. சாவே தாதா என்று அழைக்கப்பட்ட பாட்வடேகர், பம்பாய்த் தொங்குதோட்டத்தில் நடந்த மல்யுத்தப் போட்டியை 1899இலேயே படம்பிடித்துவிட்டார். கல்கத்தாவில் ஹிராலால் சென், வங்கப் பிரிவினையை எதிர்த்து 1905இல் கூடிய கூட்டத்தைப் படமாக்கினார். செட்டியார் பிறந்ததே 1911இல்தான். பொருந்தாத மகுடத்தைத் தலையில் வைக்கும்போது, அந்தத் தலைக்கு உரிய மகுடம் கீழே கிடப்பதை யாரும் கவனிப்பதில்லை. செட்டியாரின் முன்னோடித்தன்மை காமிராவை முதலில் தூக்கியதில் இல்லை. யார் யாரோ, எங்கெங்கோ, வெவ்வேறு நோக்கத்துக்காக எடுத்து, ஒரு வாரம் காட்டி, பிறகு மறந்துபோன படத்துண்டுகளைத் தேடிப்போய்க் கேட்டு வாங்கி, அவற்றை ஒரு மனிதரின் வாழ்க்கையாகக் கோத்ததில் இருக்கிறது. சோவியத் நாட்டில் எஸ்தர் ஷுப் என்ற பெண்மணி, ஜார் ஆட்சிக்காலத்துப் பழைய படச்சுருள்களைத் தேடியெடுத்து 1927இல் முழுநீளப் படமொன்றைத் தொகுத்தார். செட்டியாரை வைத்துப் பார்க்க வேண்டிய வரிசை அது. துண்டறிக்கை எழுதியவருக்கு "முதல்" என்ற சொல்லின் மேல் இருந்த ஆசை, "தேடல்" என்ற சொல்லின் மேல் இல்லை.

ஆனால் முதல் மாலையின் உரை, துண்டறிக்கையைவிட எவ்வளவோ மேலானதாக இருந்தது. திரைப்படச் சுருள்களைப் பாதுகாக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்த ஓர் அம்மையார் பேசினார். கையில் குறிப்பு வைத்துக்கொள்ளாமல், அதே சமயம் எங்கும் தடம் மாறாமல், ஒன்றேகால் மணி நேரம் பேசினார். கோட்டையூரில் பிறந்த பிள்ளை, பர்மாவில் நகரத்தார் நடத்திய தனவணிகன் இதழுக்கு ஆசிரியராக இருந்தது, அங்கிருந்து தோக்கியோவுக்குப் போய் 1935 வாக்கில் புகைப்படக் கலை பயின்றது, பிறகு நியூயார்க்கில் அதே கலையில் மேற்பயிற்சி பெற்றது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், 1937 அக்டோபர் 2ஆம் தேதிக்கு வந்ததும் நிறுத்தினார். நியூயார்க்கிலிருந்து டப்ளின் நோக்கிப் போய்க்கொண்டிருந்த கப்பலில், காந்தியின் பிறந்தநாளன்று, இருபத்தாறு வயது இன்னும் நிரம்பாத ஓர் இளைஞருக்குக் காந்தியைப் பற்றிப் படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் தோன்றியது. அவரிடம் படக்கம்பெனி இல்லை. திரைப்படம் எடுத்த அனுபவமும் இல்லை. காந்தியின் படங்கள் எந்த நாட்டில் யாரிடம் இருக்கின்றன என்ற பட்டியலும் இல்லை.

அடுத்து அம்மையார் கரும்பலகையைத் திருப்பி வைத்து ஒரு கணக்குப் போட்டார். இந்த ஒரு கணக்குக்காகவே 400 ரூபாயில் பாதி செரித்துவிட்டது என்பேன். செட்டியார் ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம் செய்தார். முப்பது ஆண்டுக்காலத்தில் சுமார் நூறு காமிராக்காரர்கள் எடுத்த படங்களிலிருந்து 50,000 அடி திரட்டினார். அதிலிருந்து 12,000 அடி நீளத்துக்குப் படத்தை முடித்தார். இந்த எண்களை நான் முன்பே படித்திருக்கிறேன். பெரிய எண்கள் என்று வியந்துவிட்டுக் கடந்தும் போயிருக்கிறேன். அம்மையார் அவற்றை நேரமாக மாற்றிக் காட்டினார். 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடிக்கு 16 பிரேம், அதாவது பதினாறு தனித்தனிப் படங்கள். பேசும்படம் நொடிக்கு 24 பிரேம் ஓடும். ஆகவே ஒரு நிமிடத்துக்கு 90 அடி. அப்படியானால் 50,000 அடி என்பது ஒன்பதேகால் மணி நேரம். 12,000 அடி என்பது இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஓர் ஆள் மூன்றாண்டுக் காலம் கண்டம் கண்டமாக அலைந்து திரட்டியது, நாம் பேருந்தில் கடலூரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பார்த்து முடித்துவிடக்கூடிய அளவு என்று அவர் சொன்னபோது கூடத்தில் சிரிப்பு எழுந்தது; எழுந்த வேகத்திலேயே அடங்கவும் செய்தது. செய்திப்படம் என்பது அந்தக் காலத்தில் தயிரைப் போன்ற சரக்கு. அந்த வாரத்தோடு புளித்துவிடும். புளித்த சரக்கைப் பத்து வருடம் கழித்துக் கேட்டுக்கொண்டு வருகிறவனை அதன் சொந்தக்காரர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதோடு அவர் விடவில்லை. ஒரு மேசையில், ஏதோ பழைய தமிழ்ப்படத்தின் கழித்துப்போட்ட சுருளை வைத்து, சுற்றும் கைப்பிடியும் ஒட்டுக் கருவியும் பொருத்தியிருந்தார்கள். படத்தை வெட்டி, ஓரத்தில் ரசாயனப் பூச்சைச் சுரண்டி, பசை தடவி, அடுத்த துண்டை மேலே வைத்து அழுத்துவதை அவரே செய்து காட்டினார். விரும்பியவர்கள் செய்யவும் அனுமதித்தார். நானும் ஒரு ஒட்டுப் போட்டேன். கோணலாக வந்தது. நூறு பேர் எடுத்த துண்டுகளை இப்படி ஒவ்வொன்றாக ஒட்டி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடவைப்பது என்ன வேலை என்று விரலுக்குத் தெரிந்த பிறகு, அதை உரையால் விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அந்தக் காலத்துச் சுருள்கள் நைட்ரேட் வகை, எளிதில் தீப்பற்றக்கூடியவை. அப்படிப்பட்ட பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி, 1939 செப்டம்பரில் போர் மூண்டுவிட்ட உலகத்தில், சென்னைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது பற்றியும் அவர் சுருக்கமாகச் சொன்னார்.

திரையிடலுக்கு வருகிறேன். இங்கேதான் நிகழ்ச்சியின் மிகப் பெரிய குறையும் மிகச் சிறந்த நிமிடங்களும் அடுத்தடுத்து வந்தன.

செட்டியாரின் தமிழ்ப்படம் 1940 ஆகஸ்ட் 23 அன்று சென்னையில் வெளியானது. அடுத்து அது தெலுங்கில் வந்தது. 1947இல் இந்தியில் வந்தது. 1953இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவம் பெற்றது. தமிழ் மூலம் இன்று நமக்குக் கிடைப்பதில்லை. நம்மால் பார்க்க முடிவது, அமெரிக்கப் பத்திரிகையாளர் குவென்டின் ரெனால்ட்ஸ் வர்ணனை சொன்ன அந்த ஆங்கில வடிவத்தைத்தான். அதுவும் வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி போன்றவர்களின் விடாத தேடலால் நம் பார்வைக்கு வந்தது. ஆனால் துண்டறிக்கையில் "1940, மகாத்மா காந்தி, திரையிடல்" என்று மட்டுமே போட்டிருந்தார்கள். படம் ஓடத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் என் பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர், "செட்டியார் தமிழில் எடுத்த படத்தில் வெள்ளைக்காரர் ஏன் பேசுகிறார்?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. தொலைந்துபோன மூலத்தின் இடத்தில், அதிலிருந்து கிளைத்த வேறொன்றைக் காட்டுகிறோம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால், பார்வையாளர்கள் வேறு கண்களோடு பார்த்திருப்பார்கள். மறைக்கும் நோக்கம் யாருக்கும் இருந்திருக்காது, அலட்சியம்தான். என்றாலும், ஒவ்வொரு துண்டும் எங்கிருந்து வந்தது என்று தேடியே வாழ்ந்த ஒருவரைப் பற்றிய நிகழ்ச்சியில், காட்டப்படும் படம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் விடுவதைச் சிறு குறை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் நடந்தது. அந்தக் காலத்துப் படச்சட்டம் அகலம் நான்கு, உயரம் மூன்று என்ற விகிதத்தில், கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கும். புரொஜெக்டரை இன்றைய அகலத்திரைக்கு ஏற்ப வைத்துவிட்டதால் படம் பக்கவாட்டில் இழுபட்டு, காந்தி கன்னம் புடைத்து, தோள் அகன்று, நன்றாகச் சாப்பிட்டவர்போலத் தெரிந்தார். நான் எழுந்து சொன்ன பிறகும் அதைச் சரிசெய்ய இருபது நிமிடம் ஆயிற்று. உண்ணாவிரதங்களுக்குப் பெயர்போன மனிதருக்கு நேர்ந்த இந்தக் கொடுமையைப் பற்றி மேலும் எழுத விரும்பவில்லை.

சரிசெய்த பிறகு வந்தது அந்தச் சிறந்த பகுதி. தண்டி யாத்திரைக் காட்சி ஒன்றை அம்மையார் இரண்டு முறை காட்டினார். முதல் முறை நாம் எப்போதும் பார்க்கும் வேகத்தில்: காந்தியும் உடன் வருபவர்களும் பொம்மைகளைப்போல வெடுக் வெடுக்கென்று ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள். இரண்டாம் முறை, வேகத்தைக் குறைத்து. மௌனப்பட காலத்துக் காமிராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்குப் பதினாறு பிரேம் என்பது அதன் பொதுவான வேகம். அதை நொடிக்கு 24 பிரேம் ஓடும் பேசும்பட இயந்திரத்தில் போட்டால் எல்லாரும் ஒன்றரை மடங்கு வேகமாக நடப்பார்கள். காந்தி உண்மையிலேயே வேகமாக நடக்கிறவர்தான். ஆனால் நாம் சிறுவயதிலிருந்து பார்த்துப் பழகிய அந்தச் சிறு துள்ளல் அவருடையதன்று, இயந்திரத்துடையது. இரண்டாவது ஓட்டத்தில், 1930 மார்ச் வெயிலில், அறுபது வயதான ஒருவர் கோலை ஊன்றி நெடிய அடி வைத்து நடந்து போனார். கால் தூசியிலிருந்து எழுந்து மறுபடி தூசியில் பதிவது தனித்தனியே தெரிந்தது. கூடத்தில் யாரும் அசையவில்லை. எனக்கு முன்னால் அமர்ந்திருந்த பள்ளிச் சிறுமி தன் அம்மாவிடம், "இப்பதாம்மா தாத்தா மாதிரி நடக்கிறாரு" என்றாள்.

வேகம் பொருந்தாத பழைய துண்டுகளைப் புதிய படத்தில் சேர்க்க, ஒவ்வொரு இரண்டாவது பிரேமையும் இரட்டித்து அச்சிட்டு, பதினாறை இருபத்துநாலாக்கும் முறை ஒன்று இருந்தது என்றும் அவர் விளக்கினார். தென்னாப்பிரிக்கக் காலம் தொடங்கி 1930களின் பேசும் செய்திப்படம் வரை பரந்து கிடந்ததைத் தொகுக்க முனைந்த எவருக்கும் இது தலைவலியாகத்தான் இருந்திருக்கும். தொகுப்புப்படம் என்றால் வெட்டி ஒட்டுவது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, வெவ்வேறு காலங்களின் வேகத்தை ஒன்றோடொன்று இணங்கச் செய்வதும் அதில் அடக்கம் என்பது அன்றுதான் புரிந்தது.

நடுவில் ஓர் அரைமணிப் பகுதிக்கு ஆங்கில வர்ணனையை நிறுத்திவிட்டு, ஒரு பெரியவர் திரையோரம் நின்று தமிழில் சொன்னார். மௌனப்பட நாட்களில் நம் ஊர்க் கொட்டகைகளில் இப்படி ஒருவர் நின்று கதை சொல்வது வழக்கம். யோசனை அருமையானது, குரலும் கணீரென்றுதான் இருந்தது. லண்டன் வட்டமேசை மாநாட்டுக் காட்சிகள் வரை அளவோடு பேசியவர், போகப்போகக் குரல் தழுதழுக்கத் தொடங்கினார். படம் தானாகவே செய்கிற வேலையை அதன் தோளைப் பிடித்துத் தள்ளிச் செய்யவைக்கத் தேவையில்லை.

இந்த இடத்தில் நடத்துகிறவர்களுக்கு ஒரு யோசனை. காந்தி 1931 டிசம்பரில் லண்டனிலிருந்து திரும்பும் வழியில் சுவிட்சர்லாந்தின் வில்னேவில் ரொமேன் ரோலனைச் சந்தித்தார். காந்தியின் வாழ்க்கையைப் பிரெஞ்சில் 1924இலேயே எழுதியவர் ரோலன். இந்த ஊரில் அவர் பெயரில் வீதி இருக்கிறது. 1827இல் தொடங்கிய நூலகமும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. கூடத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இவ்வளவும் இருக்க, அதைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. மாறாக, முதல் மாலை முடிந்ததும் எல்லாரையும் கடற்கரைக் காந்தி சிலைவரை ஊர்வலமாக அழைத்துப்போய், செஞ்சியிலிருந்து வந்தவை என்று சொல்லப்படும் எட்டுத் தூண்களுக்கு நடுவே நிற்கவைத்துப் புகைப்படம் எடுத்தார்கள். இருபத்தைந்து நிமிடம் போயிற்று. கடலூர்ப் பேருந்தில் உட்கார இடமும் போயிற்று.

தேநீர் நன்றாக இருந்தது. சுண்டலில் உப்பு குறைவு. நாற்காலிகள் இரண்டு மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் முதுகு கேள்வி கேட்கும்.

இரண்டாம் மாலை ஏமாற்றம். அம்மையார் வரவில்லை. வேறொருவர் தாளைப் பார்த்துச் செட்டியாரின் வாழ்க்கைக் குறிப்பை ஒரு மணி நேரம் வாசித்தார். முந்தைய நாள் கேட்டவற்றில் பெரும்பகுதி திரும்ப வந்தது. வராத பகுதிதான் முக்கியமானது. படம் வெளியான மூன்று ஆண்டுகளில், 1943இல், செட்டியார் குமரிமலர் என்ற இதழைத் தொடங்கினார். 1983இல் மறையும் வரை அதை நடத்தினார். நாற்பது ஆண்டுகள். வாசித்தவர் இதை "பின்னர் பத்திரிகைத் துறையிலும் ஈடுபட்டார்" என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டு, அவர் ஏன் மீண்டும் அத்தகைய பெரிய படம் எடுக்கவில்லை என்பதற்கு வருந்தத் தொடங்கினார். திரைப்படத்தை மட்டுமே படைப்பு என்று கருதுகிறவர்களுக்கு இயல்பாக வரும் வருத்தம் இது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

குமரிமலரைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். பழைய இதழ்களில் வந்து மறந்துபோன கட்டுரைகள், பாரதி தொடர்பான அரிய எழுத்துகள், நம் முன்னோர் ஊர் ஊராகப் போய் எழுதிவைத்த பயணக் குறிப்புகள் என்று, எங்கோ கிடந்தவற்றைத் தேடியெடுத்து, தாம் அதிகம் குறுக்கே பேசாமல் அடுக்கி வைத்திருப்பார். படச்சுருளில் மூன்றாண்டு செய்ததையே அச்சில் நாற்பதாண்டு செய்தார். அவர் எழுதிய பயணக் கட்டுரைகளிலும் இதே குணம்தான்: பார்த்த மனிதர்கள் இருப்பார்கள், அவர்கள் பேசியது இருக்கும், பார்த்தவர் இருக்கமாட்டார். காந்தி படம் உருவான கதையையும் பிற்காலத்தில் இதே அடக்கத்தோடுதான் எழுதினார். அது "அண்ணல் அடிச்சுவட்டில்" என்ற நூலாக இன்று கிடைக்கிறது. ஒருவரின் வாழ்நாள் பணியை எடுத்துரைக்கிறோம் என்று பணம் வாங்குகிறவர்கள், அந்தப் பணியின் நீண்ட பாதியை ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போவது, இரண்டு ரீலில் ஒன்றை மட்டும் ஓட்டிவிட்டு விளக்கைப் போடுவதற்குச் சமம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கூடத்தின் பின்சுவரோரம் இருந்த கண்ணாடி அலமாரியில் குமரிமலரின் பழைய இதழ்கள் பத்துப் பன்னிரண்டு அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அட்டைகள் பழுப்பேறி, ஓரம் நைந்து, கடற்காற்றின் ஈரத்தில் சற்றே வளைந்திருந்தன. அலமாரி பூட்டியிருந்தது. இடைவேளையில் வரவேற்பு மேசையில் கேட்டேன். சாவி செயலாளரிடம் இருக்கும் என்றார்கள். செயலாளரிடம் கேட்டேன், அது காட்சிக்கு மட்டும் என்றார். உரை நிகழ்த்தியவர் அந்த அலமாரி இருப்பதையே கவனிக்கவில்லை.

ஆக, 400 ரூபாய்க்கு இது தகுமா என்று கேட்டால், முதல் மாலைக்கு 300 ரூபாய்கூடக் கொடுப்பேன். இரண்டாவதற்கு 100 ரூபாயே அதிகம். அம்மையார் பேசுகிறாரா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு ஒரு மாலைக்கு மட்டும் சீட்டு வாங்கிக்கொள்வது நல்லது. ஒரு நாளுக்குத் தனியே சீட்டுத் தருகிறார்கள், ஆனால் கேட்டால்தான் சொல்கிறார்கள். மாலை ஆறு மணி என்று போட்டால் ஆறேமுக்காலுக்குத் தொடங்குகிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதற்கேற்பத் திட்டமிட வேண்டும்.

இரண்டாம் நாள் எல்லாரும் கலைந்த பிறகு, தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த பெரியவரிடம் நன்றி சொல்லப் போனேன். நான் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனித்திருக்க வேண்டும். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்தார். "சாவி எங்கிட்டதான் சார் இருக்கு. என்னை யாரும் கேக்கல" என்றார். அன்று கடலூருக்குக் கிடைத்தது பத்தரை மணிப் பேருந்துதான்.